துணிக்கொடியில் ஏழு டியூப்

“நீங்களே பண்ணிக் குடுங்க!”

டீகன் பாஸ்கோ சொல்லிவிட்டாள். சைக்கிள் கொட்டகையில் அத்தனை சத்தமும் அப்படியே நின்றது. திருகிக்கொண்டிருந்த ஸ்பேனர் நின்றது, பம்பு நின்றது, மூலையில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தவர் உறிஞ்சுவதை நிறுத்தினார். இந்தக் கொட்டகையில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் அவள் உள்ளே வந்தபோதே டார்லீன் சொல்லியிருந்தாள்: “இங்க எத வேணா கேளு. டீ கேளு, கடன் கேளு, கட்டிக்க ஆள் கேளு. ‘பண்ணிக் குடு’ன்னு மட்டும் கேக்காத. இங்க அவங்கவங்க வண்டிய அவங்கவங்க கைதான் தொடணும்.”

டார்லீன் பஸ் ஓட்டுகிறவள். சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் இந்தக் கொட்டகையை மேய்க்கிறவள். அவள் நிதானமாகப் போய்ச் சுவரில் தொங்கிய பழைய கப்பல் மணியை இழுத்து மூன்று தரம் அடித்தாள்.

“ஓ...!” என்று பதினைந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மணி அடித்தால் அபராதம். கேட்டவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் கிச்சனர் பன் கொண்டுவர வேண்டும், ஜாமும் கிரீமும் வழிய வழிய.

“கொண்டு வரேன்,” என்றாள் டீகன். “நூறு பன்னு கூடக் கொண்டு வரேன். மொதல்ல இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு சொல்லுங்க. ஏழாவது டியூப். நவம்பர்லருந்து ஏழு. எல்லாம் பின் சக்கரம்.”

“ஜாக்கு,” என்றாள் டார்லீன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“ஜாக்குதான்,” என்றான் ட்ருங். அவன் தபால்காரன், தினம் நாற்பது கிலோமீட்டர் மிதிக்கிறவன். டயரைப் பற்றி அவன் சொன்னால் மறுபேச்சில்லை.

ஜாக் என்றால் அந்த ஊர் முள். நம்மூர் நெருஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்க்கும். அடிலெய்டில் செருப்பில் ஓட்டையா, ஜாக். நாய் நொண்டுகிறதா, ஜாக். சைக்கிள் பஞ்சரா, அதைக் கேட்கவே வேண்டாம். செமஃபோர் கடற்கரைப் பக்கம் பிறந்த குழந்தை அம்மாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லக் கற்றுக்கொள்வது அந்தச் சொல்லைத்தான்.

“ஏழு தடவையும் ஜாக்கா?”

“அதுக்கு ஜாக்கு என்ன பண்ணும்? ஏழு தடவ அது மேல ஏத்தினது நீ,” என்றாள் டார்லீன்.

ட்ருங் வந்தான். டீகனையே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, டியூப்பை உருவிப் போட்டு, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றவைத்தான். எதுவும் தட்டுப்படவில்லை.

“முள்ளு எங்க?” என்றாள் டீகன்.

“விழுந்திருக்கும்.”

“குத்திட்டு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிடுமா?”

பக்கத்து மேடையில் ஸ்டெலியோஸ் தன் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மீன் கடைக்காரர், தொப்பைக்காரர், எதற்கும் சத்தமாகச் சிரிக்கிறவர். “என்னப் பாரும்மா. எனக்கு இது அஞ்சாவது. இப்ப தெனம் காலைல என் தெரு முழுக்க நானே பெருக்கறேன். ஒரு ஜாக் விடறதில்ல. போன வாரம் நகரசபைலருந்து நன்றின்னு கடுதாசி வந்திருக்கு!”

“அப்பறமும் பஞ்சராச்சா?”

“ஆச்சே.”

“அப்ப அது ஜாக் இல்லைல்ல?”

ஸ்டெலியோஸ் யோசித்தார். “பக்கத்துத் தெரு ஜாக்கா இருக்கும்.”

கொட்டகை சிரித்தது. டீகன் சிரிக்கவில்லை. முந்தின நாள் காலை அவள் படகைத் தவற விட்டிருந்தாள்.

துறைமுக ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்து ஏழு மாதம். பாஸ்கோ குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள். கண்ணாடிக் குழாயும் காகிதமும் எல்லோருக்கும் கிடைக்கும். இரண்டு வெள்ளிக்கு ஒரு தரம் காலை ஏழு மணிக்கு, ஆற்று நீர் எடுத்துவரப் புறப்படும் படகில் இடம் நாலே பேருக்கு. அதில் ஒரு இடம் அவளுக்கு. அதிகாலை வெயில், சதுப்புக்காட்டு வாசனை, படகோடு பந்தயம் விடும் டால்பின்கள். அந்தப் படகுக்காகவே அவள் மூன்று வருடம் வேதியியல் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஏழடித்து ஒரு நிமிடமானாலும் படகு நிற்காது, ஏறியிறங்கும் கடல் ஓதம் யாருக்கும் காத்திருப்பதில்லை. டிசம்பரில் ஒரு தரம் தவற விட்டாள். நேற்று இரண்டாம் தரம். இரண்டு தரமும் முதல் நாள் மாலை கல்லு மாதிரி இருந்த டயர், காலை ஆறு இருபதுக்குப் பார்த்தால் அப்பளமாகக் கிடந்தது. அடுத்த ரயில் போய்ச் சேர ஏழு ஐந்து.

மேலதிகாரி லைல் ஷிர்மர் கத்துகிற ஆளில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு இவளும் கத்தியிருப்பாள். அவர் மென்மையாகச் சொன்னார்: “இன்னொரு தடவன்னா அந்த எடத்த கார் வச்சிருக்கிற யாருக்காவது குடுத்துடறேன், டீகன். கோச்சுக்காத. ஒரு கார் வாங்கிக்கயேன்.”

அடுத்த படகு பதின்மூன்று நாளில்.

கொட்டகையில் புது டியூப் ஒன்று கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு, செத்ததைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

“பன்னு மறந்துடாத, கண்ணு!” என்று பின்னால் டார்லீன் குரல் வந்தது.

*

கார் வேண்டாமா என்றால், கார் வீட்டு வாசலிலேயே நின்றது. அதுதான் தொல்லை.

மெர்ல் பெரியம்மாவுக்குக் கண்புரை. வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோஜா நிற இருக்கையுறை போட்ட அவளுடைய வெள்ளைக் காரை டீகனுக்கே கொடுப்பதென்று குடும்பம் கூடி முடிவு செய்துவிட்டது. டீகனைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள். சாவி சமையலறை ஆணியில் தொங்கியது.

அந்தப் பேட்டையில் வளர்ந்த ஆள் சைக்கிளில் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குடித்துவிட்டு ஓட்டி, போலீஸ் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டது. டீகன் வேலைக்குப் போன முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, இரக்கமாகத் தலையாட்டி, “எத்தன மாசத்துக்குப் புடுங்கிட்டானுங்க?” என்று கேட்டார். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“பட்டம் வாங்கின பொண்ணு,” என்றாள் அம்மா அந்தச் சனிக்கிழமை, கழுவுதொட்டியில் உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி. “ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, தொடை தெரிய. அவ்ளோ அழகான கார் நிக்குது.”

“அந்தக் கார்ல நான் மட்டுமா போவேன்? பெரியம்மாவுக்கு வியாழனும் சனியும் புல்வெளில பந்து உருட்டற ஆட்டம். உனக்குக் கடை. இவனுக்குத் தூண்டில் போட.”

தம்பி ஜாகோ ரொட்டியை மென்றபடி தலையாட்டினான். “மீன் வாசன வராம பாத்துக்கறேன்.”

“பாத்தியா? கார் எனக்கில்லம்மா. காருக்கு நான் டிரைவர்.”

“வீட்டுக்காரங்களுக்கு ஒரு ஒத்தாச பண்ணா உன் படிப்பு கொறஞ்சு போயிடுமா?”

“என் வண்டி நான் பண்ணது. ஒவ்வொரு திருகும் நான் முடுக்கினது. இந்த வீட்ல ‘டீகனுது’ன்னு சொல்ல வேற என்ன இருக்கு, சொல்லு. பல் தேய்க்கற பிரஷ்ஷக் கூட இவன் எடுத்து ஷூ தேய்க்கறான்.”

“ஒரே ஒரு தடவ,” என்றான் ஜாகோ.

அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கினார். துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். “அடுத்த படகுக்கும் லேட்டானா?”

டீகனுக்கு முகம் சிவந்தது. ஆனால் நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில்தான். “அப்படி ஆச்சுன்னா சாவிய எடுத்துக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன். பெரியம்மாவ எங்க வேணா கூட்டிட்டுப் போறேன்.”

“சத்தியமா?” என்றான் ஜாகோ. அப்போதே போனை எடுத்துப் பெரியம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டான், பாவி.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி துவைக்கும் அறைக்குப் போய், தொட்டிக்கடியில் கிடந்த செத்த டியூப்களை இழுத்துப் போட்டாள். பாம்புச் சட்டை போல ஏழு. தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று அம்மா நான்கு மாதமாகத் திட்டியும் அவள் போடவில்லை. ஏனென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆய்வகத்தில் காரணம் தெரியாத மாதிரியைக் கொட்டக் கூடாது என்பது பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கொல்லையில் நடுக்கம்பத்தில் சுற்றும் துணிக்கொடி. ஒவ்வொரு டியூப்பிலும் கொஞ்சம் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, வால்வு மேலே இருக்கும்படி கவ்வி போட்டு வரிசையாகத் தொங்கவிட்டாள். கடற்காற்றுக்குக் கொடி மெல்லச் சுற்ற, ஏழு டியூப்பும் ராட்டினம் ஆடின.

சமையலறை ஜன்னலில் அம்மா முகம். “அக்கம்பக்கம் பாக்கறாங்கடி!”

“பாக்கட்டும்!”

முதல் டியூப்பைப் பிடித்தாள். வட்டம் உட்பக்கம் இருந்தது. தரையைப் பார்க்கும் பக்கம் இல்லை, சக்கரத்தின் நடுவைப் பார்க்கும் பக்கம். இரண்டாவது, உட்பக்கம். மூன்றாவது, உட்பக்கம். கொடியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். ஏழும் உட்பக்கம்.

தெருவில் கிடக்கும் முள் டயரைத் தாண்டி, டியூப்பின் வெளித்தோலைத் தாண்டி, காற்றில் நீந்திப் போய் உட்பக்கத்தில் மட்டும் குத்துமா? அது முள்ளா, மந்திரவாதியா?

“அம்மா! ஒன் அளவு டேப்பக் குடு!”

“எந்த டேப்பு?”

“தையல் டேப்பு! சீக்கிரம்!”

திட்டிக்கொண்டேதான் அம்மா வந்தாள். வந்தவள் போகவில்லை. டீகன் வால்விலிருந்து ஓட்டை வரை அளந்தாள். அம்மா கடைச் சீட்டின் பின்பக்கம் குறித்தாள். ஒன்பது. பதினைந்து. பதினைந்து. இருபத்தொன்று. முப்பத்து மூன்று. முப்பத்து மூன்று. நாற்பத்தைந்து.

“எல்லாம் ஆறு ஆறா தள்ளிப் போகுது,” என்றாள் அம்மா. அவள் இருபது வருடம் திரைச்சீலை தைக்கும் பட்டறையில் இருந்தவள். கொக்கி வைக்கும் கணக்கு அவளுக்குக் கையிலேயே இருந்தது. “சீலைல கொக்கி வச்சா மாதிரி. எது நடுவுல ஆறு சென்டி இருக்கு உன் வண்டில?”

டீகன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டீகனைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார்கள். பின் சக்கரத்துக் கம்பிகள் வெயிலில் மின்னின. டேப்பை வைத்தாள். ஒரு கம்பி ரிம்மைத் தொடும் இடத்திலிருந்து அடுத்த கம்பி தொடும் இடத்துக்கு ஆறு சென்டிமீட்டர்.

“ரெண்டு ஸ்பூன் எடுத்துட்டு வா!”

“நல்ல ஸ்பூனத் தொடாத!” என்று கத்திக்கொண்டே அம்மா நல்ல ஸ்பூன் இரண்டை எடுத்து வந்தாள்.

ஸ்பூன் காம்பால் நெம்பி, இந்தத் தரம் டயரை ஒரு பக்கம் மட்டுமல்ல, முழுசாகவே கழற்றினாள். நேற்று மாட்டிய புது டியூப்பின் உட்பக்கத்தைத் தடவினாள். அம்மை போட்டாற்போல் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். ஒரே ஒரு நாள் வெயிலுக்கு. பிறகு சக்கரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

ரிம்மின் உட்பள்ளத்தில் கம்பி முடுக்கும் துளைகளை மூட ஒரு நாடா ஓடும். இதில் ஓடியது துணி நாடா அல்ல, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப். கறுப்பு ரிம்மில் கறுப்பு டேப், இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. சூட்டில் பசை இளகி, டேப் ஒரு பக்கமாக நழுவி, துளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. காற்றழுத்தத்தில் டியூப் அந்த வாய்க்குள் பிதுங்கும். விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். மெல்லக் காற்றுப் போகும். மாலையில் கல்லு, காலையில் அப்பளம்.

உள்ளே ஓடிப் போய், தினமும் வெப்பம் குறித்துவைக்கும் ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்தாள். தாமதமான நாட்களைத் தேதியோடு லைல் மின்னஞ்சலில் எழுதி வைத்திருந்தார், அந்த உபகாரத்துக்கு நன்றி. ஒவ்வொரு தேதிக்கும் முதல் நாள் வெப்பம்: முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று... முப்பத்தைந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அந்த நாளெல்லாம் சைக்கிள் ஆய்வகத்துத் தகரச் சுவரோரம் ஒன்பது மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறது.

“வெயிலும்மா! வெயிலும் டேப்பும்! ஜாக் இல்ல!” என்று கத்தியபடி அம்மா இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். துணிக்கொடியும் கூடச் சுற்றியது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“லைசென்ஸ் திருப்பிக் குடுத்துட்டானுங்களா?” என்றார்.

*

அடுத்த சனிக்கிழமை டீகன் ஒரு கையில் பன் தட்டும் மறு தோளில் சக்கரமுமாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள். வாரம் முழுக்க ரயிலில் போய் வந்திருந்தாள், வாரம் முழுக்கக் கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்திருந்தாள்.

“பன்னு வந்தாச்சு!” என்றான் ட்ருங்.

“பன்னு அப்பறம். எல்லாரும் இங்க வாங்க.” சக்கரத்தை மேசை மேல் போட்டாள். ஏழு டியூப்பையும் பக்கத்தில் விரித்தாள். அளவைச் சொன்னாள், வெப்பத்தைச் சொன்னாள், டேப்பைக் காட்டினாள். “நாலு மாசம். ஜாக்கு, ஜாக்குன்னு நாலு மாசம். ஒருத்தராவது டியூப்ப திருப்பிப் பாத்தீங்களா? எந்தப் புத்திசாலி என் சக்கரத்துல இந்த டேப்ப சுத்தினது?”

டார்லீன் நழுவிய டேப்பை விரலால் தொட்டாள். பசை நூலாக இழுபட்டது. அவள் முகம் மாறியது. “ஆகஸ்ட்டு,” என்றாள். “துணி நாடா தீந்து போச்சு. இத வச்சு ஓட்டுங்க, வந்ததும் மாத்திக்கலாம்னு சொன்னேன். குளிர்காலம், ஒண்ணும் ஆகல. நாடா அக்டோபர்ல வந்துச்சு. மாத்தணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.”

“அது உங்க தப்பு. சுத்தினது யாரு?”

கொட்டகையில் ஒரு தடித்த நோட்டு உண்டு. எந்த வண்டியில் எந்த வேலையை எவர் கை செய்தது என்று அவரவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ட்ருங் அதைப் புரட்டினான். ஆகஸ்ட்டுப் பக்கத்தில் நின்றான். படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

“என்ன? குடு இங்க.” டீகன் பிடுங்கினாள்.

பின் சக்கரம், ரிம் டேப். எதிரே, அழுத்தி, அடிக்கோடு போட்டு, ஒரு சிரித்த முகமும் வரைந்து: டீ. பாஸ்கோ.

அவள் காது வரை சூடேறியது. ஞாபகம் வந்துவிட்டது. மழைநாள். முதல் சக்கரம். டேப்பைச் சுற்றி முடித்துவிட்டு, எவ்வளவு வழவழப்பாக வந்திருக்கிறதென்று தானே மெச்சிப் போட்டோ பிடித்து அம்மாவுக்கு அனுப்பியது கூட. முன் சக்கரத்துக்கு மட்டும் கடைசித் துண்டு துணி நாடா இருந்தது. அவரவர் வண்டியை அவரவர் கைதானே தொட வேண்டும்? தொட்டிருந்தது.

டீகன் நேரே நடந்து போய்க் கப்பல் மணிக் கயிற்றைப் பிடித்து, தானே மூன்று தரம் அடித்தாள்.

“ஓ...!”

“நில்லு, எனக்கும் பங்கு இருக்கு,” என்று டார்லீன் வந்து இன்னும் மூன்று அடித்தாள். “ஜாக்குன்னு சொன்ன ஒவ்வொருத்தரும் வந்து அடிங்க!” கொட்டகையே வரிசையில் நின்றது. ட்ருங் ஆறு அடித்தான், வீட்டில் மனைவியிடமும் ஜாக் என்றுதான் சொன்னானாம். அடுத்த சனிக்கிழமைக்குச் சேர்ந்த பன் ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

சத்தம் ஓய்ந்தபோது ஸ்டெலியோஸ் மட்டும் தன் சக்கரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்மா டீகன். என் வண்டி செப்டம்பர்ல பண்ணது.”

ட்ருங் நோட்டைப் புரட்டினான். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை பதினொரு வண்டி. பதினொன்றும் அதே டேப்.

“ரெண்டு மாசம் தெரு பெருக்கினேனே!” என்று ஸ்டெலியோஸ் வானத்தைப் பார்த்துக் கதறினார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “நகரசபைக்கு எப்படித் தெரியப்படுத்தறது? கடுதாசிய சட்டம் போட்டு மாட்டிட்டேனே!”

அன்று மாலை வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டார்லீன் போன் போட்டுப் போட்டு வண்டிகளை வரவழைத்தாள். நர்ஸ் ஒருத்தி பணியுடுப்போடு வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பத்தோடு வந்தார். சைக்கிளைச் சபித்து விற்கப் போட்டிருந்த ஒருவர், விளம்பரத்தைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். வரிசையாக டயர் கழன்றது, கறுப்பு டேப் உரிந்தது, வெள்ளைத் துணி நாடா ஏறியது. டீகன் தன் சக்கரத்துக்குத் துணி நாடாவும் புது டியூப்பும் போட்டு முடித்து, ஒவ்வொரு மேடையாகப் போய், “உள்பக்கமா வெளிப்பக்கமா? மொதல்ல டியூப்ப திருப்பிப் பாருங்க!” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் கிரீம் ஒட்டியிருந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“உன் டயர்ல கம்பெனி பேர் போட்டிருக்கற எடத்த எப்பவும் வால்வுக்கு நேரா வச்சு மாட்டு,” என்றாள் அவள் நர்ஸிடம். “அடுத்த தடவ ஓட்ட விழுந்தா டயர்ல எந்த எடம்னு கண்டுபிடிக்கலாம்.” இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணிக்கொடியில் ஏழு டியூப்பை ஒழுங்குபடுத்தியபோது தானாகத் தோன்றியது.

*

அறிவது ஒன்று, நிரூபிப்பது இன்னொன்று. ஆய்வகம் அவளுக்கு அதைத்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

புதன்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி. ஊரே ஜன்னலை மூடிக்கொண்டு கிடந்தது. டீகனுக்குக் கொண்டாட்டம். டயரில் காற்றைக் கெட்டியாக அடித்து, வழக்கமான தகரச் சுவரோரம், நிழல் துளியும் விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். மணிக்கொரு தரம் வெளியே ஓடிப் போய் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மூன்று மணிக்கு லைல் ஷிர்மரே எழுந்து வந்து, கதவு நிழலில் நின்றார்.

“என்ன பண்ற?”

“சோதன.”

“எதுக்கு?”

“வெள்ளிக்கிழமைக்கு.”

லைல் உள்ளே போய்விட்டார். ஆனால் நாலரைக்குக் கிளம்பும்போது அவரும் போகிற போக்கில் குனிந்து டயரை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

வியாழன் காலை டயர் கல்லு. வியாழன் முப்பத்தொன்பது, மாலை கல்லு. ஸ்பூன் எடுத்து, டயரைக் கழற்றி, டியூப்பின் உட்பக்கத்தை முழுச் சுற்றுத் தடவினாள். ஒரு கொப்புளம் இல்லை. குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. திரும்ப மாட்டிக் காற்றடித்தபோதே அவள் மனம் முடிவு கட்டிவிட்டது. நாளைக்குத் தாமதமானாலும் காரணம் வேறெதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், டயராக இருக்காது.

*

வெள்ளி காலை ஆறு மணிக்குச் சமையலறை நிரம்பியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் அந்த வீட்டில் அத்தனை பேர் கிறிஸ்துமஸுக்குக் கூட எழுந்ததில்லை. அப்பா தேநீரோடு கதவோரம். வேலைக்கு நாலு மணிக்கே போக வேண்டிய ஜாகோ விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மேசை முனையில் மெர்ல் பெரியம்மா, வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பாவாடை, பந்து விளையாடும் முழு உடுப்பில். மடியில் பந்துப் பை.

“பந்து நாளைக்குத்தானே பெரியம்மா?”

“நீ வாக்குக் குடுத்தியாமே. வண்டி கைமாறும்போது சரியா உடுத்தி இருக்கணும்ல.” கார் சாவிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். “எடுத்துக்க, ராசாத்தி. உன் வண்டி பஞ்சர்னு இவன் சொன்னான்.”

“ஆகும்னு சொன்னேன்,” என்றான் ஜாகோ. “ஆகியிருக்கும்.”

டீகன் பின்கதவைத் திறந்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. குனியாமலே, கால் நுனியால் பின் டயரை உதைத்தாள். டக் என்றது.

அம்மா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பிறகு மேசைக்குத் திரும்பி, தான் பட்டம் வாங்கினாற்போல் சொன்னாள்: “ஆறு சென்டிமீட்டர், மெர்லக்கா. நான்தான் கணக்குப் போட்டேன்.”

“அப்ப கார்?” என்றாள் பெரியம்மா. உதடு லேசாகத் துடித்தது. “என்ன யாரு பந்துக்குக் கூட்டிட்டுப் போவா?”

டீகன் சாவியை எடுத்தாள். ஜாகோ நிமிர்ந்து உட்கார்ந்தான். ரிப்பனை நிதானமாக அவிழ்த்து, பெரியம்மாவின் கையில் வளையம் போலச் சுற்றிக் கட்டினாள். சாவியைக் கொண்டுபோய்த் தம்பியின் ரொட்டித் தட்டில் வைத்தாள்.

“உனக்கும்தான் லைசென்ஸ் இருக்கு. வியாழனும் சனியும். பன்னெண்டு மணிக்குத் தயாரா இருப்பாங்க. மீன் வாசன வராம பாத்துக்க.”

“ஏய்! நான் எப்ப...”

“ஒத்தாச பண்ணா உன் தூண்டில் கொறஞ்சு போயிடுமா?”

அப்பா தேநீரை மூக்கில் விட்டுக்கொண்டு இருமினார். அது சிரிப்பென்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா ஜாகோவைப் பார்த்து, அவன் முடிவெட்டு சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டாள்.

மணி ஆறு இருபது, படகுக்கு இன்னும் நாற்பது நிமிடம். டீகன் ஹெல்மெட்டை மாட்டி, வாரை முடுக்கி, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.